அவரைப் பந்தலில் இறகுப் பூச்சி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் குழு பார்வைக்குப் போன இடத்தில் ஒரு அக்கா, "அவரைக்காய் எல்லாம் ஓட்டையா இருக்கு, கடையில மருந்து வாங்கி அடிச்சாச்சு" என்றார். மறுநாளே அந்தக் காயைப் பறித்துப் பிள்ளைகளுக்குத் துவரன் வைத்தாராம். நாங்கள் பதறிப்போனோம். பூச்சியைத் தெரிந்துகொண்டால் விஷம் அடுக்களைக்கு வராது. அதனால் இன்றைக்கு அதைப் பற்றிப் பேசுவோம்.

காயில் ஓட்டை போடும் புழுக்கள் பல உண்டு. அதில் ஒன்றுதான் இறகுப் பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி சின்னது, வெளிறிய பழுப்பு நிறம், நீண்ட கால்கள். முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்து, கோழி இறகு போல இருக்கும். இந்தப் பூச்சி காயைத் தின்னாது. பூமொட்டிலும் பிஞ்சிலும் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும், அவ்வளவுதான்.

சில நாளில் முட்டை பொரிந்து புழு வரும். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், உடம்பெல்லாம் முடி, வளர்ந்தால் அரை அங்குலம் இருக்கும். முதலில் காயின் மேல்தோலைச் சுரண்டும். பிறகு ஓட்டை போட்டு, உடம்பை வெளியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே விட்டுப் பருப்பைத் தின்னும். கடைசியில் காயின் மேலேயோ அந்த ஓட்டையிலோ கூட்டுப்புழுவாகி, மறுபடி பூச்சியாகும். எல்லாம் சுமார் மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும்.

இதற்குப் பிடித்த செடிகள் துவரை, அவரை, காணம். இதே குடும்பத்தில் இன்னொரு பூச்சியின் புழு சுரைக்கொடி இலையையும் கடிக்கும்.

புழு வெளியே இருப்பது நமக்கு வசதி. பூ விட்டதிலிருந்து வாரம் இருமுறை பந்தலைப் பாருங்கள். புழுவையும் ஓட்டைக் காயையும் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதிகமானால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயந்திரம் தெளியுங்கள். ஆடி மாதம் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி வைத்தால் செலவே இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அடித்த எண்டோசல்பானால் மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். உச்ச நீதிமன்றம் 2011இல் அதைத் தடை செய்தது. நம் பந்தலுக்கு அந்தப் பாடம் போதும். சந்தேகம் இருந்தால் ஓட்டைக் காயோடு திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பந்தலில் பார்த்ததைச் சொல்லுங்கள்.