கொடியிலிருந்து விலகிய இராட்டை

இன்று பறக்கும் மூவண்ணக் கொடி ஒரே நாளில் பிறந்ததன்று. நாற்பது ஆண்டு விவாதத்திலும் போராட்டத்திலும் உருப்பெற்றது. அதில் எது சேர்ந்தது, எது நீங்கியது என்று பார்த்தால் விடுதலை இயக்கத்தின் வளர்ச்சியே தெரியும்.

1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் சர்வதேச சோசலிஸ்ட் மாநாடு கூடியது. லெனினும் ரோசா லக்சம்பர்க்கும் பங்கேற்ற அம்மாநாட்டில்தான் மேடம் பிகாஜி காமா இந்தியக் கொடியை விரித்துக் காட்டினார். மூன்று வண்ணப் பட்டைகள், நடுவே ‘வந்தே மாதரம்’, அடியில் சூரியனும் பிறையும் கொண்ட கொடி அது. பத்தாண்டு கழித்து அன்னி பெசன்டும் திலகரும் உயர்த்திய ஹோம் ரூல் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடி இருந்தது. முழு விடுதலையை அந்த இயக்கம் அன்று கேட்கவில்லை. அதன் கோரிக்கையின் எல்லையைக் கொடியே காட்டியது.

1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையுமான வடிவத்தைக் காந்தியிடம் அளித்தார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. ஏனைய சமூகங்களுக்காக வெள்ளையும், உழைப்பின் சின்னமாக இராட்டையும் காந்தியின் யோசனைப்படி சேர்ந்தன. அக்கொடியை ஏந்தி ஊர்வலம் செல்லத் தடை விதிக்கப்பட்டபோது, 1923இல் நாகபுரியில் தொண்டர்கள் அணியணியாகச் சிறை புகுந்தனர்.

ஆனால் சமயத்துக்கொரு வண்ணம் என்ற கணக்கு நிலைக்கவில்லை. தங்களுக்கும் ஒரு வண்ணம் வேண்டுமென்று சீக்கியர்கள் கேட்டனர். அப்படியே கூட்டிக்கொண்டு போனால் முடிவேது? 1931இல் காங்கிரஸ் அந்தக் கணக்கையே கைவிட்டது. காவி, வெள்ளை, பச்சை என்று வண்ணங்களை அமைத்து, அவற்றுக்குச் சமயப் பொருள் கிடையாது என்று தீர்மானித்தது. கொடியின் வரலாற்றில் மதச்சார்பின்மை வென்ற இடம் இது. காவிக்கொடியே தேசியக் கொடியாக வேண்டுமென்று விரும்பிய ஆர்எஸ்எஸ் ஏடான ‘ஆர்கனைசர்’ 1947இலும் மூவண்ணத்தை ஏற்க மறுத்ததன் காரணமும் இதுவே.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தை முன்மொழிந்தார். இராட்டையின் இடத்தில் சாரநாத் தூணின் அசோகச் சக்கரம் அமர்ந்தது. இராட்டையின் உருவம் கொடியின் மறுபுறத்தில் திரும்பித் தெரியும். சக்கரம் இருபுறமும் ஒன்றே என்று நேரு விளக்கினார். படத்திலிருந்து இராட்டை விலகினாலும் துணியிலிருந்து விலகவில்லை. கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் கொடி அமைய வேண்டும் என்பது விதியாயிற்று.

அந்த விதியை ஒன்றிய அரசு 2021 டிசம்பர் 30 அன்று திருத்தியது. இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி தரப்பட்டது. அடுத்த ஆண்டு ‘இல்லந்தோறும் மூவண்ணம்’ என்று பிரச்சாரம் நடந்தபோது அக்கொடிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கும் உறுதி செய்யப்பட்டது. கர்நாடகத்தின் ஹுப்பள்ளி பெங்கேரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்றுடன் கதர்க் கொடி தயாரிக்கும் கூட்டமைப்பு இதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. அங்கு உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். நூல் நூற்கும் பெண்ணும் தறியில் அமரும் நெசவாளியும் விசை இயந்திரத்தின் விலையோடு எப்படிப் போட்டியிட முடியும்?

தோழர்களே! இம்முறை வண்ணம் மாறவில்லை, சக்கரமும் மாறவில்லை. அதனால் மாற்றம் பலர் கண்ணில் படவில்லை. மாறியது துணி, பறிபோவது அதை நெய்தவரின் கூலி. கொடியை வீடுதோறும் ஏற்றச் சொல்லும் அரசு, அதை நெய்தவர் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கேட்கக் கடமைப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் திரும்பப் பெறுக, அரசு நிறுவனங்கள் கதர்க் கொடியையே வாங்குக என்ற கோரிக்கை, அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கையாக மட்டும் நின்றுவிடலாகாது. மூவண்ணத்தை மதிக்கும் ஒவ்வொருவரின் கோரிக்கையாகவும் அது ஒலிக்கட்டும்.