நெடுநாள் நோயும் தொலைக் கண்காணிப்பும்

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் காய்ச்சலைப் போல் வந்து போவன அல்ல. வந்தபின் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடனிருப்பவை. மாதம் ஒருமுறை மருத்துவரைக் காணும் நோயாளி, ஆண்டில் 12 நாட்கள், அதுவும் சில நிமிடங்களே, அவர் முன் அமர்கிறார். எஞ்சிய 353 நாட்களில் எதை உண்பது, எவ்வளவு நடப்பது, மாத்திரையை விழுங்குவதா விடுவதா என்பனவற்றை முடிவு செய்பவர் நோயாளியே. இந்நோய்களுக்கு மருத்துவம் நடைபெறும் இடம் பெரும்பாலும் வீடுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாகவும், 35.5 சதவீதத்தினருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாகவும் மதிப்பிட்டது. இத்தனை பேரையும் மாதந்தோறும் மருத்துவமனை வரிசையில் நிறுத்துவது இயலாத காரியம். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் செலவழித்து வர வேண்டிய தொழிலாளி, உடம்பு நன்றாயிருப்பதாகத் தோன்றும் மாதத்தில் வராமல் இருந்துவிடுகிறார். கொதிப்பு நோயின் கொடுமையே அது வலி தராமலிருப்பதுதான். மாத்திரை நின்றுபோன செய்தி, சில வேளைகளில் பக்கவாதம் வந்த பிறகே குடும்பத்தினருக்குத் தெரிய வருகிறது.

2017 நவம்பரில் தொடங்கிய இந்திய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சி இக்குறையைத்தான் கருத்திற்கொண்டது. கேரளம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் அது முதலில் செயற்பட்டது. விந்தைக் கருவி ஏதும் அதில் இல்லை. நோயாளியிடம் ஓர் அட்டை. அதன் சதுரக் குறியீட்டைச் செவிலியர் கைப்பேசியில் காட்டினால் முந்தைய அளவுகளும் மருந்துகளும் தெரியும். குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலைக் கைப்பேசிச் செயலியே தயாரித்துத் தருகிறது. செவிலியர் அவர்களை அழைத்துப் பேசுகிறார். தொலைக் கண்காணிப்பு என்ற பெருஞ்சொல்லின் உயிர்நாடி இந்த அழைப்பே எனலாம்.

ஆயினும் அலமாரியில் மாத்திரை இல்லாவிட்டால் அழைப்பினால் என்ன பயன்? வந்து வெறுங்கையோடு திரும்பியவர் மறுமுறை அழைத்தால் வருவாரா? அதனாலேயே அம்முயற்சி மருந்து வகைகளைச் சிலவாகக் குறைத்தது, எந்த நிலையில் எந்த மாத்திரையைக் கூட்டுவது என்பதைப் படிப்படியாக எழுதி வைத்தது, கையிருப்பையும் கணக்கிட்டது.

2020 மார்ச் 25-இல் வெளியான தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள், முன்பே சிகிச்சை பெற்றுவரும் நோயாளிக்குத் தொடர் மருந்தைத் தொலைவிலிருந்தே எழுதித்தர வழிவகுத்தன. 2019-இல் தொடங்கப்பட்டிருந்த இ-சஞ்சீவனி, ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருப்போருக்கும் மருத்துவரைக் காட்டியது.

இனி, வீட்டில் நோயாளி செய்ய வேண்டியது. இரத்த அழுத்தத்தை அளக்குமுன் ஐந்து நிமிடம் பேசாது அமர வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் ஊன்றியும், கை இதயத்தின் மட்டத்திலும் இருக்க வேண்டும். தேநீர் அருந்திய உடனே அளத்தல் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் 140/90 எல்லையாயின் வீட்டில் 135/85 எல்லை. இவ்வேறுபாட்டை அறியாதவர் வீணாக ஆறுதல் அடைவர். அவசரத்தில் எடுத்த தவறான எண், எத்தனை விரைவாக அனுப்பப்பட்டாலும் தவறான எண்ணே.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் அறிய வேண்டியது வேறொன்று. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி தோன்றி, இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், நினைவோடு இருக்கும்போதே 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்நேரத்தில் தொலைவிலுள்ள எந்த மருத்துவரும் உதவ இயலாது. அருகிலிருக்கும் மனைவியோ மகனோதான் உதவ முடியும். அவர்களுக்கும் இதைக் கற்பித்தாக வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை மண்பானையின் குளிர்ச்சியில் காப்பதும் பயனுள்ள முறையென ஆய்வுகள் காட்டியுள்ளன.

சர்க்கரை அளக்கும் கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். சோதனைப் பட்டையையோ ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். கருவியை இலவசமாக வழங்கிப் பட்டைக்கு நிதி ஒதுக்காத திட்டம், சில வாரங்களில் அலமாரிப் பொருளாகும். அனுப்பப்படும் அளவுகளை யார் பார்ப்பது, எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்வது என்பதும் கருவி வாங்குமுன் எழுத்தில் இருக்க வேண்டும். பதில் வராத எண்ணை நோயாளி இரண்டு வாரம் அனுப்புவார். மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவார்.

பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதப்படும் தொலைபேசி எண், பல வீடுகளில் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கிறது. அழைப்பு வரும்போது அக்கைப்பேசி வயலிலோ தொழிற்சாலையிலோ இருக்கும். அவர் வீட்டில் இருக்கும் நேரம் எது, செய்தியை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லலாகாது என்பதை அவரையே கேட்டு எழுதிக்கொள்ள, பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தி தேவைப்படும்.