சிறைச் செலவும் சிறைவாசியின் கூலியும்

சிறைவாசியின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவை அவரே ஏற்க வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழுவதுண்டு. ஆனால், திருவனந்தபுரம் பூஜப்புரை மத்திய சிறை போன்ற இடங்களில் கடுங்காவல் தண்டனை பெற்றோர் உழைக்கவும் செய்கின்றனர். அவ்வுழைப்புக்கு நியாயமான கூலி வழங்க வேண்டுமெனக் கேரள உயர்நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது.

இப்பிரச்சினையை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், 1998-இல், கைதிகளுக்கு உரிய கூலி அளித்தாக வேண்டும் என்றது. அதனை நிர்ணயிக்கக் குழு அமைக்கப் பணித்தது; ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கச் சட்டம் இயற்றப் பரிந்துரைத்தது. கூலியை வகுக்கையில் பராமரிப்புச் செலவையும் கருதலாம் என்பதை அது மறுக்கவில்லை.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நிலைமை வேறு. அங்குச் சிறைச் செலவு கடனாகி, விடுதலைக்குப் பின்னும் தொடர்கிறது. இல்லினாய் மாநிலம் 2019-இல் அச்சட்டத்தை நீக்கியது.

பிடித்தம் கூலிக்குள் அடங்கும், கடனுக்கோ எல்லையில்லை. எனினும், கூலியே அற்பமானால் பிடித்தமும் கொடுமையே. அப்போது வீட்டாருக்கும் எதுவும் எஞ்சாது. பாதிக்கப்பட்டவருக்கும் எதுவும் சேராது. ஆகவே, முதலில் நியாயமான கூலி, பிறகே பிடித்தம். இவ்வரிசை மாறாதிருப்பதே சீர்திருத்தத்தின் அடிப்படையாகும்.