மதகைத் திறந்தவருக்கு வாக்கு இல்லை

(திருவண்ணாமலையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீர் மேலாண்மை பற்றிப் பேசச் சொன்னீர்கள். இந்த ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர் 2024 டிசம்பர் 1-ஐத் தாண்டிப் போக முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணில் புதைந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின.

இயற்கைச் சீற்றம் என்றார்கள். மழை எல்லார் மேலும்தான் பெய்கிறது. யார் வீடு மேட்டில், யார் வீடு சரிவில், யார் வீடு ஓடைக்கரையில் என்பதை மழையா முடிவு செய்தது?

நமக்கு வறட்சியும் உண்டு, வெள்ளமும் உண்டு. இரண்டுக்கும் பழைய மருந்து ஏரி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும். தேங்கிய நீர் கிணறுகளில் ஊறும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. அறிவியல் இவ்வளவுதான்.

சூழலியல் நண்பர்கள் சொல்கிறார்கள்: "நம் முன்னோர் ஊர்கூடி ஏரியைக் காத்தார்கள், அதை மீட்க வேண்டும்." சரி, எந்த ஊர்? அந்த ஊரில் சேரி சேர்த்தியா?

மதகைத் திறந்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சி, இரவில் கரையைக் காவல் காத்தவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் அந்த வேலை தலித்துகளுடையது. கூலி, அறுவடைக் களத்தில் கொடுக்கும் நெல். ஏரியின் ஒவ்வொரு மூச்சும் அவருக்குத் தெரியும். ஆனால் ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இல்லை. ஊர்க் கூட்டத்தில் உட்கார இடமும் இல்லை. குடிமராமத்து என்று நாம் பெருமை பேசுகிற அந்த வேலைக்கு ஆள் பிடிக்க, 1858-இலேயே வெள்ளையர் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. எல்லாரும் மனமுவந்து செய்த வேலைக்குச் சட்டம் எதற்கு?

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் வேண்டும். 2017-இல் குடிமராமத்து திரும்ப வந்தபோதும் பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கே போயின. மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் தலித். சாகுபடி நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களிடம் இல்லை. நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று ஏரியைத் தூர்வாரிய பெண்ணைக் கேளுங்கள். அவர் அள்ளிய வண்டல் யார் வயலுக்குப் போகிறது? மீன் குத்தகையை யார் எடுக்கிறார்? அந்த ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அவரை யாராவது கூப்பிட்டார்களா?

1927 மார்ச் 20 அன்று மகாட்டின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தார். தாகம் தீர்க்கவா போனார்? பொதுச் சொத்து பொதுவானது என்று நிறுவப் போனார். குளத்தைத் தீட்டு கழித்தார்கள். வழக்கு நடந்து, 1937-இல்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் தலித் இளைஞர்கள் மூவரையே குற்றவாளிகளாக்கியிருந்தார்கள். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித்துகள் கோயிலுக்குள் நுழைய 2023 ஜனவரி வரை, அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு, காத்திருக்க வேண்டியிருந்தது. கோயில் கதவே இப்படி என்றால், ஏரி மதகு எப்போது திறக்கும்?

ஆகவே நம் கோரிக்கை எளிது. ஏரிச் சங்கத்தில் நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும். மீனிலும் வண்டலிலும் பங்கு வேண்டும். ஓடைக்கரைக் குடிசைகளை அகற்றும் முன் மாற்று இடம் வேண்டும். ஏரிக்குள் எழுந்த பெரிய கட்டடங்களை முதலில் அளக்க வேண்டும்.

இதையெல்லாம் கருணையாகக் கேட்கவில்லை. கரை எங்கே கசிகிறது என்று அறிந்தவரை வெளியே நிறுத்திவிட்டு ஏரியைக் காக்க முடியாது. ஊரும் சேரியும் ஒரே கரையில் சமமாக நிற்கும்வரை, நீடித்த நீர் மேலாண்மை என்பது நிலம் வைத்திருப்பவரின் மேலாண்மை மட்டுமே.

அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.

ஜெய் பீம்!