பாதுகாப்பு அதிகாரியின் சொல்லுக்கு எடை ஏற்றுவது யார்?
(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். பல்சக்கரத்துக்கு மூடி போடுங்கள், பஞ்சுத் தூசியைக் குறையுங்கள் என்று அவர் சொல்கிறார். ஆனால் பணம் ஒதுக்குவது மேனேஜர். அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே நிர்வாகம்தான். அப்படியானால் அவர் சொல் எப்போது எடுபடும்?

போபாலைப் பாருங்கள். வயலில் தெளித்த 'செவின்' பூச்சிமருந்து யூனியன் கார்பைடின் அந்த ஆலையில்தான் தயாரானது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் விஷவாயு ஒரு தொழிலாளியைக் கொன்றது. 1982 மே மாதம் கம்பெனியின் அமெரிக்க நிபுணர்களே வந்து சோதித்தார்கள். விஷவாயு வெளியேறக்கூடும், வால்வுகளின் பராமரிப்பு போதாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நிர்வாகம் என்ன செய்தது? மருந்து விற்பனை சரிந்ததும் செலவைக் குறைத்தது, ஆட்களைக் குறைத்தது. 1984-ல் வாயுத் தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரத்தை நிறுத்தியது. டிசம்பர் 2 நள்ளிரவு வாயு பீறிட்டபோது, அதை எரித்து அழிக்கவேண்டிய கோபுரமும் வேலை செய்யவில்லை. ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மாண்டார்கள்.

நிபுணர்களுக்கு அறிவு இல்லையா? இருந்தது. ஆனால் தராசின் ஒரு தட்டில் லாபக் கணக்கு. மறுதட்டில் வெறும் காகிதம். காகிதம் மேலே போய்விட்டது!

அதன் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத் தொழில் நடக்கும் ஆலையில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் கமிட்டி வந்தது. ஆபத்து நெருங்குவதைக் கண்டால் மேனேஜருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லும் உரிமை வந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டத்தொகுப்பு வந்தது. அதிலும் கமிட்டிக்கு இடம் உண்டு. ஆனால் நாற்காலி மட்டும் போதாது, தோழர்களே!

பாதுகாப்பு அதிகாரியை நாம் எதிரியாக நினைக்க வேண்டாம். கண்ட குறையை அவரிடம் எழுத்தில் கொடுப்போம். தேதியிட்ட நகல் சங்கத்தில் இருக்கட்டும். கமிட்டிக்குத் தலையாட்டும் ஆளை அனுப்பாமல், வாய்திறந்து பேசும் தோழரை அனுப்புவோம். அப்போது அதிகாரி மேனேஜரிடம், "இது என் யோசனை" என்று தயங்கிச் சொல்ல வேண்டியதில்லை. "இலாகா முழுவதும் கேட்கிறது" என்று நிமிர்ந்து சொல்லலாம். மேனேஜரும் காகிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்ட முடியாது.

வயலில் மருந்தடிக்கும் நம் விவசாயத் தொழிலாளிக்கோ அப்படி ஒரு அதிகாரியே இல்லை. அங்கே அந்த வேலையையும் சங்கமே செய்ய வேண்டும்.

எச்சரிக்கையை எழுதுவது நிபுணர் வேலை. அதற்கு எடை ஏற்றுவது நம் ஒற்றுமை!