வந்த பணமும் நின்ற பணமும்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவரிற் பலர் இந்நாளில் வீட்டிலிருந்தபடியே இணைய வாயிலாகச் சேலையும் ஊறுகாயும் விற்று ஜீவித்து வருகின்றனர். அவர்தம் சொற்ப முதலுக்கு நேரும் அபாயங் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

கடன் அட்டையாற் செலுத்திய தொகை நம் கணக்கில் ஏறினும், அது முடிந்த வரவன்று. வாங்கியவர் 'சரக்கு வரவில்லை' என்று பெரும்பாலும் 120 நாள் வரையில் தம் வங்கியில் முறையிடலாம். முறையீடு நிலைபெறின் தொகை திரும்பிவிடும். சரக்கும் போய்ப் பணமும் போம். ஆதலின் விலைச்சீட்டு, அனுப்பிய ரசீது, பெற்றவர் கையொப்பம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, வங்கி வினவுங்கால் தவணைக்குட் காட்டுதல் வேண்டும்.

யூபிஐ வழியிலோ, பணஞ் செலுத்தியதாகக் காட்டும் பொய்ப்படமே பெருமோசம். கணக்கைப் பார்த்தன்றிச் சரக்கை விடலாகாது. பணம் பெறுதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை. அதைக் கேட்பவன் வஞ்சகனே. ஏமாந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க.

எனினும், முறையிடுவோர் யாவரும் கள்வரல்லர். பழுதான பொருள் பெற்றவர்க்கு அவ்வுரிமையே அரண். வங்கிக் கணக்கில் நம் கடைப்பெயர் விளங்காது மயங்குவாரும் உளர். ஆதலால் முதலில் விநயமாய் விசாரிப்போம். நாணயமே நம் முன்னோர் வைத்த முதல். அதற்குக் காவல் ஒழுங்கான கணக்கே.