சாலை விபத்தும் ஏழைக் குடும்பத்தின் இழப்பீடும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் வாகன விபத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் வியக்கக் கூடும். ஒரு மாணவன் படிப்பை நிறுத்தினால் ‘வறுமை’ என்று பதிவேட்டில் எழுதி விடுகிறோம். அவ்வறுமை எந்த நாளில் அவ்வீட்டிற்குள் நுழைந்தது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், பல வீடுகளில் நாளையும் நேரத்தையும் கூடச் சொல்வார்கள். இன்ன சாலையில், இன்ன திருப்பத்தில், வேலைக்குப் போகும் காலை நேரத்தில் என்பார்கள். ஆகவே நாம் பேச வந்ததும் கல்வியைப் பற்றியதே.

நம் வட்டாரத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வெடிமருந்து கையாளும் கூடங்கள் குடியிருப்புகளை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. எனவே வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, சாத்தூர், திருத்தங்கல், ஆமத்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆணும் பெண்ணும் விடியும் முன்னே வண்டியேறுகின்றனர். சிலருக்கு ஆலையின் வேன் வரும். பலருக்கு வாய்ப்பது லோடு ஆட்டோ, அல்லது ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர். வெடி விபத்து நேர்ந்தால் நாடே திரும்பிப் பார்க்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் நேர்ந்தவற்றை யாரும் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் அமைச்சர் வருவார், நிவாரணம் அறிவிக்கப்படும். அதே தொழிலாளி அதே வேலைக்குப் போகும் வழியில் லாரியில் அடிபட்டு இறந்தால், செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வரும். அதன்பின் அக்குடும்பம் தானே கேட்டால்தான் உண்டு.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது பிறர்க்கு நேரும் சேதத்திற்கான இன்சூரன்ஸ், கட்டாயம் என்பது நம் நாட்டில் 1946 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. சரக்கு லாரிக்கு 1969 திருத்தத்தில் 50,000 ரூபாய், 1982 திருத்தத்தில் 1,50,000 ரூபாய். அதற்கு மேல் தீர்ப்பானால் உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். 1989 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம் உயிரிழப்புக்கும் காயத்திற்கும் அவ்வரம்பை நீக்கியது. எனவே இக்காலத்தில் ‘காப்பீடு போதவில்லை’ என்னும் தொல்லை தொகையின் அளவால் வருவது அரிது. காப்பீட்டுத் தாள் இருக்கும், ஆனால் அது அடிபட்டவரைக் காக்காது. நம் மக்கள் சிக்கிக் கொள்வது இங்கேதான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

லோடு ஆட்டோவின் காப்பீடு சரக்குக்கும் சாலையில் செல்வோர்க்கும் உரியது. 1994 திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்குடன் சென்றால் அவருக்கும் பொருந்தும். பின்னால் ஏறி நிற்கும் பத்துப் பெண்களுக்குப் பொருந்தாது. ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கி விட்டது. பிற்காலத்துத் தீர்ப்புகள் சிலவற்றில், ‘நிறுவனம் முதலில் குடும்பத்திற்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளட்டும்’ என்று நீதிபதிகள் ஆணையிட்டுள்ளனர். அது தானாக வருவதன்று. மனுவில் எழுதிக் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் கதையும் இதுவே. சட்டத்திற்காக மட்டும் எடுக்கும் குறைந்த கட்டணக் காப்பீட்டில், பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர்க்கு இடமில்லை. முழுக் காப்பீட்டில்தான் உண்டு. அண்ணன் ஓட்ட, பின்னால் அமர்ந்து வந்த தங்கை வண்டி சறுக்கி விழுந்து கால் முறிந்தால், கையில் தாள் இருந்தும் பயனில்லை.

மாறாக, ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்பதற்காகவே வழக்கைக் கைவிடுவோரும் உளர். அது வேண்டாத அச்சம். 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது யாதெனில், உரிமக் குறையைக் காட்டி நிறுவனம் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரைத் தெருவில் நிறுத்த முடியாது. கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்பப் பெறலாம். காப்பீடே இல்லாத வண்டி மோதினாலும் வழி முற்றிலும் அடைபடவில்லை. உஷா தேவி வழக்கில் 2018 செப்டம்பரில், அத்தகைய வண்டியைப் போதிய பிணை இன்றி விடுவிக்கலாகாது என்றும், பிணை தராவிடில் மூன்று மாதத்திற்குப் பின் ஏலம் விட்டுப் பணத்தை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்றும் விதி செய்யுமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே வண்டி காவல் நிலைய வாசலில் நிற்கும்போதே எதிர்ப்பு மனு கொடுக்க வேண்டும். வண்டி போன பின் உரிமையாளரைத் தேடி அலைவது வீண் பாடு.

நிற்க. நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் நன்கு படித்து வந்த ஒரு மாணவியின் தந்தையை, வேலைக்குச் செல்கையில் ஒரு லாரி மோதிவிட்டது. அவர்க்கு வயது 38. வீட்டில் மனைவி, இரு பிள்ளைகள், வயதான தாய். மூன்றாம் நாள் லாரிக்காரர் தரப்பில் நால்வர் வந்தனர். உடன் நம் காலனிக்குப் பழக்கமான ஒருவரும் வந்தார். காரியச் செலவுக்கு ஐம்பதினாயிரம் தருவதாகவும், ‘தானே தடுமாறி விழுந்தார்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் பேசினர். சித்தப்பா கையெழுத்திட்டார், தாய் கைநாட்டு வைத்தார். அந்த லாரிக்கு நடப்பில் காப்பீடு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் அம்மாணவி பள்ளியை விட்டு, வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்ட அமர்ந்துவிட்டாள். நாம் இருமுறை வீடு தேடிச் சென்றும் திரும்பவில்லை.

அக்குடும்பம் எதை விட்டுக் கொடுத்தது? கணக்காசிரியர் வேலையைச் சற்றே செய்வோம். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று மெய்ப்பிக்க முடிந்தால், நாற்பது வயதுக்குட்பட்ட கூலித் தொழிலாளிக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த முறை. ஆக 16,800. அவரை நம்பியிருந்தோர் நால்வர். எனவே அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். மீதி 12,600. ஆண்டுக்கு 1,51,200. சரளா வர்மா வழக்கில் 2009இல் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. பெருக்கினால் 22,68,000 ரூபாய். ஈமச் செலவு முதலியன இதற்கு மேல். ஐம்பதினாயிரத்தையும் இதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். வீட்டு வேலை மட்டும் செய்து வந்த தாய் இறந்தாலும் அவருடைய உழைப்புக்கு மதிப்புக் கட்டித் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2010இலும் 2021இலும் வலியுறுத்தியிருக்கிறது. ‘சம்பாதிக்காதவள்தானே’ என்று சொல்லும் ஆண்கள் இதைக் காதில் வாங்க வேண்டும்.

ஆதலின் முதல் மூன்று நாள்களே முதன்மையானவை. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது மோதிய வண்டியின் எண்ணைச் சொல்லுங்கள். ‘தானே விழுந்தார்’ என்று எழுத ஒருவரும் ஒப்ப வேண்டா. சிகிச்சைச் செலவுக்கு அஞ்சிச் சமரசத்திற்கு இறங்குவோர் பலர். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்திற்கும், 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம் ஏழு நாள்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்துள்ளன. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவர்க்கு இலவசமாகத் தரப்பட வேண்டியது. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி காவல் துறை 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்றா என்று நம் இளைஞர் ஒருவர் பணிவாகக் கேட்டு வந்தாலே வேலை நடக்கும்.

அதே 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற காலவரையறை வந்துள்ளது. 1994க்குப் பின் காலவரையறை இல்லாதிருந்ததை நினைத்துக் கொண்டு இன்றும் சிலர், ‘மெல்லப் பார்க்கலாம்’ என்கின்றனர். இவ்வரையறையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்றிருக்கிறது. இருப்பினும் அதை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. குற்றம் யாருடையது என்று மெய்ப்பிக்க இயலாதபோது, 164ஆம் பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்கலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் முறையே 2 லட்சமும் 50,000மும் உண்டு. சென்னையிலோ திருப்பூரிலோ விபத்து நடந்தாலும், குடும்பம் வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பது வெளியூர் வேலைக்குச் செல்வோர் வீடுகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தாயின் முதலாளியிடம் கேட்கும் வழி ஒன்றும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003 ஏப்ரலில் பணிக்குச் செல்கையில் சாலையில் இறந்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்ற அக்குடும்பத்திற்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீதி வழங்கியது. வீட்டிலிருந்து வேலையிடம் செல்லும் வழியும், நேரமும் இடமும் பொருந்தினால், பணியின் பாற்பட்டதே என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை ஏற்றுள்ளது. லோடு ஆட்டோவில் சென்று அடிபட்டவர்க்கு, வண்டியின் காப்பீடு கைவிட்ட இடத்தில் இவ்வழி உதவும். ஆயின் ஒரே விபத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலும் தொழிலாளர் இழப்பீட்டிலும் இரட்டிப்பாகப் பெற இயலாது; ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கெல்லாம் வருகைப் பதிவு, கூலி அட்டை, வங்கிக் கணக்கில் வரவு போன்ற ஏதேனும் ஒரு சான்று வேண்டும். கூலியை ரொக்கமாக வாங்கிச் செல்லும் நம் மக்களுக்கு இங்கேதான் இடறுகிறது. வாராவாரம் வாங்கும் கூலியை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கப் பள்ளிப் பிள்ளைகளால் முடியாதா?

வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லை என்பர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பட்டியல் சாதியினர்க்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மனுக் கொடுத்தால் போதும். கிறித்தவம் தழுவிய நம் உறவினர்க்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைப்பதில்லை என்பது நாம் அறிந்ததே. ஆயினும் பெண்களுக்கும் சிறார்க்கும் அதே சட்டத்தில் அதே உரிமை உண்டு. எனவே விதவையின் பெயரால் மனுச் செய்யத் தடையில்லை. தீர்ப்புத் தொகையில் பாதியை எனக்கு எழுதிக் கொடு என்று மருத்துவமனை வாசலில் நிற்பவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்திடுவது எதற்கு?

இறுதியாக, நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மோதுவது எப்போதும் பிறர் வண்டியே என்று யார் சொன்னது? பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, பெயர் மாற்றாமல், காப்பீடும் புதுப்பிக்காமல் ஓட்டும் இளைஞர் நம்மிடையே பலர். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று கூறிவிட்டது. எனவே விற்றவரும் தப்ப முடியாது. விற்ற அன்றே 29, 30ஆம் எண் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்றிவிட வேண்டும். காப்பீடின்றி ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ என்பது ஒரு புறம். அவ்வண்டி ஓர் ஏழையை மோதினால், நம் வீட்டின் பட்டாவும் நகையும் அந்த ஏழையின் குடும்பத்துக்குப் போகும், போவதே நியாயம். 2022இல் அறிவித்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. ‘எம்பரிவாகன்’ செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் காப்பீடு முடியும் நாள் தெரியும். வெளியே வேப்ப மரத்தடியில் இருபது, முப்பது வண்டிகள் நிற்கின்றன. தேநீர் தயாராகும் வரையில் அவரவர் வண்டியின் நாளைப் பார்த்துக் கொள்ளலாம்.